காக்ளியர் இம்பிளாண்டா, சைகை மொழியா: யாருக்கு எது?

முதலில் இம்பிளாண்ட். காதொலிக் கருவி போதாத அளவுக்குக் காது கேளாதவர்களுக்கு அறுவை செய்து பொருத்தும் கருவி இது. காதுக்குப் பின்னால் மாட்டும் பிராசசர் ஒலியை வாங்கி, காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் காயில் (கம்பிச்சுருள்) வழியாக உள்ளே அனுப்பும். தோலுக்கடியில் பதித்த பகுதி அதை மின்துடிப்பாக மாற்றி, உள்காதில் செருகிய எலெக்ட்ரோடுகள் மூலம் செவிநரம்பைத் தூண்டும். எலெக்ட்ரோடுகள் பெரும்பாலும் 12 முதல் 22 வரைதான். நல்ல காதில் இந்த வேலையைப் பார்க்கும் உள்மயிர்ச் செல்கள் சுமார் 3,500. அமைதியான அறையில் பேச்சு பிடிபட்டாலும், கூட்ட இரைச்சலிலும் இசையிலும் திணறுவது இதனால்தான்.

அறுவை சிகிச்சை முடிந்த அன்றே காது கேட்காது. பெரும்பாலும் புண் ஆறி, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் ஸ்விட்ச் ஆன் செய்வார்கள். தொடக்கத்தில் பலருக்குக் குரல்கள் வெறும் பீப் சத்தமாகவோ, இயந்திரம் பேசுவது போலவோ கேட்கும். பிறகு ஒவ்வொரு எலெக்ட்ரோடுக்கும் மெல்லக் கேட்கும் அளவு, உறுத்தாத உச்ச அளவு இரண்டையும் ஆடியாலஜிஸ்ட் (கேட்டல் நிபுணர்) பலமுறை சரிசெய்வார். இதுதான் மேப்பிங். உச்ச அளவைக் கூட்டி வைத்துவிட்டால் குழந்தை காயிலைப் பிடுங்கி எறியும். அதைப் பிடிவாதம் என்று அதட்டாமல் மேப்பைப் பாருங்கள்.

மூளைக்காய்ச்சலால் (மெனிஞ்சைட்டிஸ்) கேட்கும் திறன் போயிருந்தால் தள்ளிப்போட முடியாது. உள்காதில் எலும்பு வளர்ந்து வழி அடைந்துவிடலாம். செவிநரம்பே இல்லையென்றால் இந்தக் கருவியால் பயனில்லை. மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் அறுவையில் போகலாம். மூளைக்காய்ச்சலைத் தடுக்க உதவும் நிமோகாக்கல் தடுப்பூசி கட்டாயம் போட்டிருக்க வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கும் முன் உள்ளிருக்கும் காந்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சைகை மொழிக்குச் செவிநரம்பும் பேட்டரியும் வேண்டாம், கண்ணும் வெளிச்சமும் போதும். கைவடிவம், இடம், அசைவு, முகபாவம் எல்லாம் சேர்ந்த முழு இலக்கணம் அதற்கு உண்டு. அமெரிக்க சைகை மொழியை வைத்து வில்லியம் ஸ்டோக்கி 1960-இல் இதை மொழியியலாளர்களுக்குக் காட்டினார். சிக்கல் வீட்டில்தான் வரும். அம்மா மட்டும் "சாப்பிடு, தூங்கு" அளவுக்குக் கற்றுக்கொண்டு நிறுத்திவிட்டால், குழந்தையின் மொழியும் அங்கேயே நின்றுவிடும். சரளமாகச் சைகை பேசும் காது கேளாத பெரியவர்களோடு குழந்தை பழக வேண்டும்.

காது கேளாதோர் கல்வி பற்றி 1880-இல் இத்தாலியின் மிலனில் நடந்த மாநாடு பள்ளிகளில் சைகையை ஒதுக்கித் தள்ளியது. தலைமுறைகள் மொழியில்லாமல் தவித்தன. இம்பிளாண்ட் வந்தபோது காது கேளாதோர் சமூகம் அஞ்சியதற்கு இந்தக் காயமும் ஒரு காரணம்.

பேசிப் பழகிய பிறகு கேட்கும் திறனை இழந்தவருக்கு, காதொலிக் கருவி போதவில்லையென்றால், இம்பிளாண்ட் நல்ல பலன் தரும். பிறவியிலேயே கேளாமல், சைகையில் வளர்ந்த பெரியவருக்கு ஹாரன், கதவுத் தட்டல் போன்ற ஒலிகள் கிடைக்கலாம். பேச்சு புரிவது அரிது. வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவே முடிவு, உறவினர்கள் வற்புறுத்தக்கூடாது.

குழந்தைக்கோ இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம். "சைகை காட்டினால் பேச்சு வராது" என்று நிறுத்தச் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. மொழி வேர்விடும் முதல் சில ஆண்டுகளை அறுவைக்கும் மேப்பிங்குக்கும் காத்திருந்தே கழித்தால், அந்த இழப்பை எந்தக் கருவியாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் பிராசசரைப் பெரும்பாலும் கழற்றி வைக்க வேண்டியிருக்கும். அப்போதும் குழந்தை உங்களோடு பேச வேண்டுமே.