பெனால்டி வழக்குக்கு ஏற்ற கடை: பாம்பனில் இறுதி ஆட்டம் பார்க்க ஓர் இடம்

கால்பந்து இறுதி ஆட்டத்தைப் பலரோடு அமர்ந்து பார்க்க இராமநாதபுரம் கடற்கரையில் நல்ல இடம் எது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம், பாம்பன் தெற்குவாடிக்குப் போகும் வழியில் உள்ள ஒரு டீக்கடை. நடுவரின் பெனால்டி முடிவுகள் கோப்பையைத் தீர்மானிக்கின்றனவா என்ற வாக்குவாதம், அதாவது தலைப்பில் உள்ள வழக்கு, நடக்கும் இடமும் அதுதான். முன்பக்கம் வழக்கமான டீக்கடைதான். பின்கட்டில் தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் வெள்ளைத் திரை, எதிரே பெஞ்சுகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளுமாக அறுபது பேர் வரை உட்காரலாம். கடைக்காரர் தம் பெயரோ கடையின் பெயரோ வெளியே வருவதை விரும்பாதவர் என்பதால் இரண்டையும் இங்கே தவிர்க்கிறேன். தெற்குவாடியில் யாரைக் கேட்டாலும் "பந்தாட்டம் போடுற கடையா?" என்று வழி காட்டுவார்கள்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் பெரும்பாலும் மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ வருவதால், விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும் அந்த நாள்களில், படகு வைத்திருக்கும் சம்மாட்டியும் அதே படகில் கூலிக்குப் போகும் இளைஞரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஆட்டம் பார்ப்பதை இங்கே காணலாம். வருமானம் நின்றுபோன அந்த இரண்டு மாதங்களில் கடைக்காரர் டீக்குக் காசு கேட்பதில்லை. நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டு, படகு கடலுக்குப் போன பிறகு வாங்கிக்கொள்கிறார். இறுதி ஆட்டத்துக்கென்று தனிக் கட்டணமும் கிடையாது.

இந்தக் கடையை மற்ற இடங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது திரையின் அளவு அல்ல. நடுவர் பெனால்டி, அதாவது கோலுக்கு அருகே எதிரணி செய்த தவறுக்காகக் கோல்காப்பாளரை மட்டும் எதிர்கொண்டு பந்தை அடிக்கும் வாய்ப்பு, கொடுக்கும் நேரத்தில் கடைக்காரர் நடந்துகொள்ளும் முறைதான். நடுவர் பெனால்டி புள்ளியைக் காட்டினாலோ, வி.ஏ.ஆர். (காணொளியைப் பார்த்து நடுவருக்கு உதவும் துணை நடுவர்) அறையிலிருந்து வரும் செய்தியைக் கேட்பதற்காகக் காதில் கை வைத்தாலோ, கடைக்காரர் உடனே ஒலியை முழுவதுமாக அணைத்துவிடுகிறார். வர்ணனையாளர் சொல்லும் தீர்ப்பு நம் தீர்ப்பாகிவிடக் கூடாது, கண்ணால் பார்த்து அவரவரே முடிவுக்கு வர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இது வெறும் பிடிவாதம் அல்ல. 2002ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், தகுதி பெற்ற நடுவர்களுக்கு ஒரே மோதல்களைக் காட்டியபோது, ரசிகர்களின் கூச்சலோடு பார்த்தவர்கள், ஒலியின்றிப் பார்த்தவர்களைவிடச் சொந்த ஊர் அணிக்கு எதிராகக் குறைவான தவறுகளையே அறிவித்தார்கள். பயிற்சி பெற்ற நடுவரையே கூச்சல் அசைக்கும் என்றால் நம்மைப் போன்ற ரசிகர்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கைப்பேசிகளைப் பையில் வைக்கச் சொல்வதற்கும் இதே போன்ற காரணம் இருக்கிறது: வெளியிலிருந்து வரும் ஒரு செய்தி, கொட்டகையில் இருப்பவர்கள் பார்த்து முடிவு செய்வதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடும்.

இடைவேளையில் அவர் செட்டாப் பெட்டியில் பதிவு செய்த காட்சியை மீண்டும் போடுகிறார். முதலில் இயல்பான வேகத்தில், பிறகுதான் மெதுவாக. பந்து கையில் பட்டதா, மோதல் பெனால்டி எல்லைக்கோட்டுக்கு உள்ளே நடந்ததா என்பவற்றுக்கு மெதுவான காட்சி உதவும். மோதலின் கடுமையையும் கையால் பந்தைத் தடுத்தது தவறா என்பதையும் இயல்பான வேகத்தில்தான் எடைபோட வேண்டும் என்று வி.ஏ.ஆர். நெறிமுறையே சொல்கிறது. பெரிய ஊர்களின் ஓட்டல்களில் இந்த ஒழுங்கை நான் கண்டதில்லை. அங்கே வர்ணனையாளரின் குரலும் கூட்டத்தின் கூச்சலும் சேர்ந்து ஒரு நொடியில் நடுவரைத் திருடனாக்கிவிடும்.

தடைக்காலத்து மாலைகளில் பழைய உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களின் காட்சிகளையும் அவர் போடுவதுண்டு. நடுவரின் பெனால்டி முடிவுகள் கோப்பையைத் தீர்மானிக்கின்றனவா என்ற வழக்கு முழு வீச்சில் நடப்பது அந்த மாலைகளில்தான். 1974 இறுதி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனி வீரர் ஒருவரும் பந்தைத் தொடுவதற்கு முன்பே நெதர்லாந்துக்குப் பெனால்டி கிடைத்தது, நீஸ்கென்ஸ் கோலடித்தார். அதே நடுவர், இங்கிலாந்தின் ஜாக் டெய்லர், ஹோல்சென்பைன் விழுந்தபோது ஜெர்மனிக்கும் பெனால்டி கொடுத்தார். பிரைட்னர் சமன் செய்ய, மியூலரின் கோலில் ஜெர்மனி 2–1 என வென்றது. முன்வரிசையில் எப்போதும் உட்காரும் ஒரு மூத்த சம்மாட்டி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை; இரண்டு பக்கமும் கொடுத்தார், மீதி ஆட்டம் அவர்கள் ஆடியது என்பார். அவர் கொதிப்பது 1990 ஆட்டத்துக்கு. ரோமில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில், 85ஆவது நிமிடத்தில், சென்சினி மோதி ஃபோலர் விழுந்ததற்காக நடுவர் கோதெசால் ஜெர்மனிக்குப் பெனால்டி கொடுத்தார். பிரேமே அடித்த அந்த ஒரே கோலில் அர்ஜென்டினா தோற்றது. அதற்குச் சற்று முன்புதான் மறுமுனையில் கால்தெரோன் விழுந்தபோது அர்ஜென்டினா கேட்ட பெனால்டி மறுக்கப்பட்டிருந்தது.

"கரைக்குப் பக்கத்தில இன்ஜின் நின்னா நீந்தியாவது வந்துடலாம் தம்பி, நடுக்கடல்ல நின்னா என்ன செய்வ?" என்பது சம்மாட்டியின் வாதம். ஆட்டத்தின் தொடக்கத்தில் வரும் தவறான முடிவைத் திருத்திக்கொள்ள நேரம் உண்டு, கடைசியில் வருவதற்கு இல்லை என்று அவர் கருதுகிறார். அவருக்குத் துணையாக 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் இருக்கிறது: ஏழாவது நிமிடத்தில் இத்தாலியின் மட்டெராட்சி செய்த தவறுக்காகக் கிடைத்த பெனால்டியை பிரான்ஸின் ஜிடான் கோலாக்க, அதே மட்டெராட்சி 19ஆவது நிமிடத்தில் பந்தைத் தலையால் முட்டிச் சமன் செய்தார்.

இளைஞர்கள் இதை ஏற்பதில்லை. "அண்ணே, 2019ஐப் பாருங்க" என்று எழுந்தார் ஒருவர். மாட்ரிட்டில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே டாட்டன்ஹாம் வீரர் சிசோகோவின் கையில் பந்து பட்டதற்காக லிவர்பூலுக்குப் பெனால்டி கிடைத்தது; சலா கோலடித்தார்; டாட்டன்ஹாமுக்கு ஏறத்தாழ முழு ஆட்டமும் மீதமிருந்தும் மீள முடியவில்லை, 2–0 என முடிந்தது. முன்னிலை கிடைத்த அணி பின்வாங்கி நின்று காக்கலாம், எதிரணி தன் திட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும், ஆகவே தொடக்கத்தில் வரும் முடிவுதான் ஆட்டம் முழுவதையும் வளைக்கிறது என்று அவர் நிதானமாக விளக்கியபோது, சம்மாட்டி குறுக்கிடாமல் கேட்டார். வயதில் இளையவர் பேசி முடிக்கும் வரை பெரியவர்கள் காத்திருக்கும் இந்தப் பழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன: முடிவு சரியா என்பது ஒன்று, முடிவு கோப்பையைத் தீர்மானித்ததா என்பது இன்னொன்று. மொத்தமே இரண்டு மூன்று கோல்கள் விழும் ஓர் ஆட்டத்தில், ஏறத்தாழ நான்கில் மூன்று முறை கோலாகும் ஒரு வாய்ப்பை ஒரு மனிதரின் முடிவு வழங்குகிறது என்றால் அதற்குத் தாக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சரியான முடிவும் ஆட்டத்தைத் தீர்மானிக்கும். தவறான முடிவு தீர்மானிக்காமலும் போகும். 2018 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நடுவர் பித்தானா திரையில் பார்த்துவிட்டு குரோவேஷியாவின் பெரிசிச்சின் கையில் பந்து பட்டதாகப் பெனால்டி கொடுத்தது இன்றும் சண்டைக்குரியது. பிரான்ஸ் அதில் 2–1 என முந்தியது என்றாலும் ஆட்டம் 4–2 என முடிந்தது. 2022இல் நடுவர் மார்சினியாக் ஒரே இறுதி ஆட்டத்தில் மூன்று பெனால்டிகள் கொடுத்தார், மூன்றும் கோலாயின, ஒன்று அர்ஜென்டினாவின் மெஸ்ஸிக்கு, இரண்டு பிரான்ஸின் எம்பாப்பேக்கு. ஆட்டம் 3–3 என நின்று, இரு அணிகளும் மாறி மாறிப் பெனால்டி அடிக்கும் ஷூட் அவுட்டில்தான் அர்ஜென்டினா வென்றது. அதில் நடுவர் கோப்பையை யாருக்கோ எடுத்துக் கொடுத்தார் என்று நான் நம்பவில்லை. 1990ஐப் பற்றி அதே உறுதியோடு என்னால் சொல்ல முடியாது.

நம் நாட்டு ஆட்டங்களில் நிலைமை இன்னும் கடினம். 2023 இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டம் கோவாவில் 2–2 எனச் சமனானபோது அந்த நான்கு கோல்களில் மூன்று பெனால்டிகள். ஷூட் அவுட்டில் ஏ.டி.கே. மோகன் பகான் பெங்களூருவை வென்றது. வி.ஏ.ஆர். இல்லாத ஆட்டம் அது. தோற்ற அணியின் உரிமையாளர் வெளிப்படையாகவே வி.ஏ.ஆர். வேண்டும் என்று கேட்டார். இந்த ஆட்டத்தின் காட்சி ஓடும்போது மட்டும் கொட்டகையில் எல்லோரும் ஒரே கட்சி.

சாப்பாடு நன்று. கணவாய் வறுவல் ரப்பர் போல இழுக்காமல் பதமாக இருக்கிறது. பரோட்டாவுக்கு ஊற்றும் மீன் குழம்பில் புளி சற்றுத் தூக்கல். இஞ்சி டீ எந்த நேரத்திலும் நம்பிக் குடிக்கலாம்.

குறைகளும் உண்டு. கச்சான் காற்று வீசும் இரவுகளில் தகரக் கூரை அடித்துக்கொள்ளும் சத்தத்தில் அருகில் இருப்பவர் பேசுவதே கேட்பதில்லை. பின்வரிசையில் இருப்பவர்களுக்கு ஒரு தூண் திரையின் இடது மூலையை மறைக்கிறது. அந்தப் பக்கத்துப் பெனால்டி எல்லைக்குள் என்ன நடந்தது என்று எழுந்து நின்றுதான் பார்க்க வேண்டும். பெண்கள் வசதியாக உட்கார இடம் ஒதுக்கப்படவில்லை, கழிப்பறையும் இல்லை. கால்பந்து ஆடும் பள்ளி மாணவிகள் இந்தத் தீவிலும் இருக்கும்போது இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. கடைக்காரரிடம் நேரில் சொன்னேன். அடுத்த தடைக்காலத்துக்குள் பக்கவாட்டில் ஓர் அறை கட்டும் எண்ணம் இருப்பதாகச் சொன்னார்.

இன்னொரு கோரிக்கையும் வைத்தேன். இடைவேளையில் அவர் போடுவது கொடுக்கப்பட்ட பெனால்டிகளை மட்டுமே. கால்தெரோன் விழுந்தது போன்ற கொடுக்கப்படாதவற்றை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை, ஆகவே வழக்கு எப்போதும் பாதி ஆவணங்களோடுதான் நடக்கிறது. கேட்டு மறுக்கப்பட்டவற்றையும் குறித்துவைத்துப் போடலாமே என்றதற்கு, குறித்துவைக்கும் வேலையைச் சம்மாட்டியிடமே ஒப்படைப்பதாகக் கூறியிருக்கிறார். இறுதி ஆட்டத்தன்று இடம் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்பே சென்று, தூணுக்கு முன்னால் உள்ள வரிசைகளில் அமர்ந்துகொள்ளுங்கள்.