இருபது வருஷம் இருக்க வேண்டிய படங்களை எதில் வைப்பது? ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, ப்ளூ-ரே, கிளவுட்

போட்டோ பேக்கப்புக்கு எஸ்எஸ்டி வாங்கலாமா, ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா என்று பேச்சு வந்தாலே எல்லோரும் வேகத்தைத்தான் பேசுகிறார்கள். கல்யாண வீடியோ, பிள்ளைகளின் படங்கள், ஸ்கேன் செய்த வீட்டுப் பத்திரம் இதெல்லாம் எப்போதோ ஒரு தரம் எடுத்துப் பார்க்கிற சமாச்சாரம், அதில் வேகத்துக்கு என்ன வேலை? மின்சாரமே இல்லாமல் அலமாரியில் கிடந்தால் உள்ளே இருப்பது அப்படியே இருக்குமா, கெட ஆரம்பித்தால் நமக்குத் தெரியவருமா என்பதுதான் கேள்வி. அப்படிப் பார்த்தால் விலை கூடிய சரக்குதான் முதலில் தோற்கிறது.

எஸ்எஸ்டியில் நம் தரவெல்லாம் நுண்ணிய செல்களுக்குள் அடைத்து வைத்த மின்னூட்டம். மின்சாரம் காட்டாமல் வைத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், சூடு ஏற ஏறக் கசிவும் வேகமாகும். ஜெடெக் என்ற தர அமைப்பு வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு வைத்திருக்கும் அளவு, 30 டிகிரியில் மின்சாரமின்றி ஒரு வருஷம். இதைப் படித்துவிட்டு ஒரே வருஷத்தில் எல்லாம் அழிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அது எழுதி எழுதி ஆயுள் முடிந்த டிரைவுக்கான குறைந்தபட்சக் கணக்கு, புதியது அதைவிட நன்றாகவே தாங்கும். ஆனால் மதுரையில் மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் நிற்கும் இரும்பு பீரோவுக்குள் 30 டிகிரி எங்கே கிடைக்கும்? அதோடு, இப்போது மலிவாக வரும் க்யூஎல்சி வகையில் ஒரே செல்லில் 4 பிட், அதாவது 16 மின்னூட்ட நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், சின்னக் கசிவையும் தாங்க அங்கே இடமில்லை. டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப் போனால் முன்னறிவிப்பும் இருக்காது, நேற்று வரை ஓடியது இன்று கண்ணிலேயே படாது. தினசரி வேலைக்கு எஸ்எஸ்டியைத் தாராளமாக வாங்குங்கள், பூட்டி வைப்பதற்கு வேண்டாம். பென்டிரைவும் மெமரி கார்டும் இதே இனம்தான். ஐந்நூறு ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் என்று ஆன்லைனில் வருவது அப்பட்டமான போலி. 2 டிபி என்று காட்டும், கொஞ்சம் நிரம்பியதும் மேலே எழுதுவதெல்லாம் காற்றில் போகும்.

ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது காந்தப் பதிவு, அது சும்மா கிடப்பதால் சீக்கிரத்தில் மறைவதில்லை. போவது பெரும்பாலும் இயந்திரம்: மோட்டார், படிக்கும் தலை, கீழே விழுந்த அடி. பேக்பிளேஸ் என்ற கிளவுட் சேமிப்பு நிறுவனம் தன்னிடம் ஓடும் சுமார் மூன்று லட்சம் ஹார்ட் டிஸ்க்குகளின் கணக்கை வெளியிட்டு வருகிறது, 2024இல் வருடாந்தரப் பழுது 1.57 சதவீதம். அது குளிரூட்டிய இடத்தில் இரவு பகலாக ஓடுபவற்றின் கணக்கு, நம் பீரோவுக்கு அப்படியே பொருந்தாது, ஆனாலும் சாதாரண ஹார்ட் டிஸ்க் எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஓரளவு தெரிகிறது. பல சமயம் அது சொல்லிவிட்டுத்தான் சாகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்: டிக் டிக் என்ற சத்தம், ஒரு ஃபைலைத் திறக்க வழக்கத்தைவிட நேரமாவது, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் நீலம் மஞ்சளாக மாறுவது. செத்த பிறகும் மீட்பு நிலையத்தில் தலையை மாற்றிப் படிக்க வழியுண்டு, செலவு எக்கச்சக்கம் என்றாலும்.

இதிலேயே ஒரு பிரிவு இருக்கிறது, கடைக்காரர் சொல்ல மாட்டார். கையடக்கமான 2.5 அங்குல போர்ட்டபிள் டிஸ்க் பலவற்றைத் திறந்து பார்த்தால் டிரைவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வழக்கமான சாட்டா கனெக்டரே உள்ளே இருக்காது, யூஎஸ்பி போர்ட்டை டிரைவின் பச்சைப் பலகையிலேயே ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். கேபிளை ஆட்டி ஆட்டி அந்தப் போர்ட் பெயர்ந்தால், உள்ளே பதிவு இருக்கும் தட்டு நன்றாக இருந்தும் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. தனி அடாப்டரோடு வரும் 3.5 அங்குல டிஸ்க்கில் பெரும்பாலும் சாதாரண சாட்டா டிரைவ்தான் பெட்டிக்குள் இருக்கும், பெட்டி பழுதானால் கழற்றி வேறு பெட்டியில் மாட்டலாம் (பெட்டியே என்கிரிப்ட் செய்யும் சில மாடல்களில் இது நடக்காது, வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்). மேசையில் கொஞ்சம் இடம் போகும். போகட்டும், வீட்டில் வைக்கும் பிரதிக்கு நான் 3.5 அங்குலத்தைத்தான் சொல்வேன். தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆரா, தனித்தனியாக எழுதும் சிஎம்ஆரா என்ற சண்டை 2020இல் நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) டிரைவுகளை வைத்துப் பெரிதாக நடந்தது. ஒரு தரம் எழுதி வைத்துவிடும் பேக்கப்புக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை, பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டில் போடுவதாக இருந்தால் மட்டும் சிஎம்ஆர் என்று கேட்டு வாங்குங்கள்.

ப்ளூ-ரே மேல் எனக்கு மரியாதை உண்டு. ஒரு தரம் மட்டும் எழுதும் வகையில் எழுதிய பிறகு மாற்ற முடியாது என்பதால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அதைத் தொட முடியாது, விரல் தவறி டெலிட் ஆகாது. ஆனால் சாதாரணத் தட்டில் 25 ஜிபி, 1 டிபிக்கு 40 தட்டு, யார் உட்கார்ந்து எழுதுவது? பதிவு செய்யும் ப்ளூ-ரே தட்டுகளின் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது, பெரும்பாலான லேப்டாப்பில் தட்டு போடும் இடமே இப்போது கிடையாது. பொறுக்கி எடுத்த சில நூறு படங்கள், பத்திரங்கள், இவற்றுக்கு மட்டும் நீண்ட நாள் தாங்குவதற்கென்றே செய்த எம்-டிஸ்க் தட்டு ஒன்றை எழுதி, கூடவே அதைப் படிக்கும் யூஎஸ்பி ப்ளூ-ரே டிரைவ் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். நிறுவனங்கள் பேக்கப்புக்கு வைக்கும் எல்டிஓ காந்த டேப்? டிரைவ் விலையே லட்சங்களில், வீட்டுக்கு வேண்டாம்.

கிளவுட் ஒரு விஷயத்தில் எல்லாவற்றையும் ஜெயிக்கிறது: உங்கள் வீட்டில் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்கு ஒரே பீரோவில் இரண்டு டிஸ்க் இருந்தாலும் ஒன்றுதான், பத்து இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் கிளவுடை மட்டுமே நம்புவதை ஏற்க முடியவில்லை. கூகுள் போட்டோஸ் இலவச வரம்பின்மையை 2021 ஜூன் 1இல் முடித்துக்கொண்டது. இரண்டு வருஷம் தொடாத கூகுள் கணக்கை நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் பல வருஷமாக மக்கள் ஏற்றிய பாட்டுகள் சர்வர் மாற்றத்தில் தொலைந்த சேதி 2019இல்தான் வெளியே வந்தது. அப்புறம் முக்கியமானது, சிங்க், அதாவது இரண்டு இடத்தையும் எப்போதும் ஒரே மாதிரி வைப்பது, பேக்கப் இல்லை. போனில் இடம் வேண்டும் என்று கூகுள் போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை அழித்தால் அது கிளவுடிலும் குப்பைத் தொட்டிக்குப் போகிறது, 60 நாளில் அங்கிருந்தும் போய்விடும். இரண்டு டிஸ்க்கில் ஒரே பிரதியை வைக்கும் ரெய்டும் அப்படித்தான், நீங்கள் அழித்ததை இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் ஒழுங்காக அழித்துக் கொடுக்கும்.

முறை என்று வந்தால், ரெஸ்டிக், போர்க் போன்ற மென்பொருள்கள் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும், தினமும் மாறும் வேலைக் கோப்புகளுக்கு அவைதான் சரி. முடிந்துபோன வருஷங்களின் படங்களுக்கு நான் வெறும் ஃபோல்டர்களையே விரும்புகிறேன். உங்கள் மகளோ மருமகனோ பிற்காலத்தில் அந்த டிஸ்க்கைச் செருகினால் ஜேபெக் உடனே திறக்க வேண்டும், எந்த மென்பொருள், எந்தப் பாஸ்வேர்ட் என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. வெறும் ஃபோல்டரின் குறை, ஒரு படம் உள்ளுக்குள் கெட்டாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்குத்தான் செக்சம். எஸ்எச்ஏ-256 கணக்கை ஓட்டினால் ஒவ்வொரு படத்துக்கும் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி கிடைக்கும். அந்தப் பட்டியலை டெக்ஸ்ட் ஃபைலாக அதே டிஸ்க்கில் போட்டுவிட்டு, வருஷா வருஷம் மறுபடி ஓட்டி ஒப்பிட வேண்டும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்தப் படம் முன்பு இருந்தது போல் இல்லை, இன்னொரு டிஸ்க்கிலிருந்து எடுத்துப் போட்டுவிடலாம். பட்டியல் இல்லாவிட்டால் இரண்டு பிரதி வேறுபடும்போது எது சரி என்று சொல்லவே முடியாது. ஒரு ராத்திரி ஓட விட்டால் ஒரு முழு டிஸ்க்கையும் படித்துவிடும், ஒவ்வொரு ஃபைலும் இன்னும் படிக்க வருகிறதா என்ற சோதனையும் அதிலேயே முடிந்துவிடுகிறது.

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பிரபலப்படுத்திய 3-2-1 கணக்கு, அதாவது மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்பது, நம் வீடுகளுக்கு இப்படி வரும்: வெவ்வேறு கம்பெனியின் இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று வீட்டில், மற்றது ஊரில் அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ, பொங்கலுக்குப் போகும்போது ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கி வருவது, முக்கியமானவை மட்டும் கிளவுடில். ஊருக்குப் போகிற டிஸ்க் மட்டும் சின்ன போர்ட்டபிளாக இருக்கலாம். டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள், கூகுள் கணக்கில் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற அமைப்பில் வீட்டில் ஒருவரின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். வாங்கி ஐந்தாறு வருஷம் ஆன டிஸ்க்கை ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதுக்கு நகலெடுத்து, செக்சம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, பழையதை அழிக்காமல் உபரிப் பிரதியாகப் போட்டுவைக்கலாம்.