கல்லடி வெக்கையில் இரண்டரை வருடம்: 3080 கிராபிக்ஸ் கார்டுக்குத் தேர்மல் பேட் மாற்றி, ஹீட்சிங்க் ஒட்டிய அனுபவம்

மட்டக்களப்பு கல்லடியில் கடற்கரைக்கு ஐந்து நிமிட நடைத் தூரத்தில் என் ஸ்டுடியோ இருக்கிறது. கலியாண வீடியோ எடிட்டிங், கோயில் திருவிழா, இடையில் வீட்டுப் பிளான்களுக்கு பிளெண்டரில் முப்பரிமாண ரெண்டர், இதுதான் வேலை. சீசன் நேரத்தில் கிராபிக்ஸ் கார்ட் ஒரு நாளைக்கு ஏழெட்டு மணித்தியாலம் முழு மூச்சில் ஓடும். மேலே சீற் கூரை, ஏசி கிடையாது, பின்னேரம் மூன்று மணிக்கு அறையே 34 டிகிரியில் நிற்கும். யூடியூபில் குளிர்நாட்டுக்காரர் 21 டிகிரி அறையில் அளந்து காட்டும் கணக்கெல்லாம் நமக்கு அப்படியே பொருந்தாது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2022 செப்டெம்பர் 15 இல் இதேரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் (கார்டுகளைக் கணக்குப் போட வைத்து நாணயம் ஈட்டும்) முறையைக் கைவிட்டதும் அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் எல்லாம் செகண்ட் ஹாண்ட் சந்தைக்கு வந்து குவிந்தன. டொலர் விலையில் புதுக் கார்டைப் பற்றி யோசிக்கவே முடியாமல் இருந்த காலம் அது. 2023 தொடக்கத்தில் கொழும்பில் ஒருவரிடம் ஆர்டிஎக்ஸ் 3080, 10 ஜிபி கார்ட் ஒன்றை வாங்கி, இரவு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். மைனிங்கில் ஓடியது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார், விலையும் அதற்கு ஏற்றதாக இருந்தது.

வந்த முதல் வாரமே பிரச்சினை தெரிந்தது. மூன்று ஃபேனும் 100 வீதத்தில் அலறும், ரெண்டர் பாதியில் மெதுவாகும், ஆனால் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் 75 டிகிரிதான். அது சிப்பின் நடு வெப்பம் மட்டும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற வெப்பம் காட்டும் மென்பொருளைப் போட்டு, மெமரியின் உள்வெப்பத்தைக் காட்டும் மெமரி ஜங்ஷன் என்ற வரியைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது: 108, 110, திரும்ப 108. இந்தக் கார்டில் இருப்பது ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி. வேகம் அதிகம், சூடும் அதிகம். 110 ஐத் தொட்டதும் கார்ட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். ஹாட்ஸ்பாட், அதாவது சிப்பில் ஆகச் சூடான புள்ளி, அப்போது 91 இல் இருந்தது. நடு வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 16 டிகிரி வித்தியாசம், கொஞ்சம் கூடத்தான், ஆனால் பயப்படும் அளவு இல்லை. ஆக சிப்பில் பெரிய குறை இல்லை, சிக்கல் மெமரியில்.

கார்டைக் கழற்றியதில்லை என்றால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் சிப், சூடு கடத்தும் பேஸ்ட் மூலம் ஹீட்சிங்கை (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பற்கள்) நேராகத் தொடுகிறது. அதைச் சுற்றியிருக்கும் பத்து மெமரி சிப்பும் உயரம் குறைந்தவை, அவற்றுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியை நிரப்பிச் சூட்டை மேலே கடத்துவதுதான் தேர்மல் பேட். பேட் மெல்லியதாக இருந்தால் மெமரி தொடாது. தடிப்புக் கூடினால் அது ஹீட்சிங்கைத் தூக்கிப் பிடித்துவிடும், அப்போது சிப் தொடாது. பெட்டியில் 6 வொட், 12.8 வொட் என்று போட்டிருக்கும் கடத்துதிறனை விட இந்த அரை மில்லிமீற்றர்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கழற்றும் முன் கார்டைப் பத்து நிமிடம் ரெண்டரில் ஓட விட்டுச் சூடாக்கினேன், குளிர்ந்த நிலையில் இழுத்தால் ஒட்டிப்போன பேட் சிப்பையும் இழுத்துக்கொண்டு வரலாம். ஃபேன் வயர்களின் கனெக்டர் நகத்தளவுதான் இருக்கும், வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரையே பிடித்து மெல்ல ஆட்டி எடுக்க வேண்டும். உள்ளே பழைய பேட்கள் சுட்ட அப்பத்தின் ஓரம் மாதிரிக் காய்ந்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தன. போர்ட் முழுக்க எண்ணெய்ப் பசை வேறு, சிலிக்கன் பேட் நீண்ட காலம் சூட்டில் கிடந்தால் அப்படி எண்ணெய் விடும். பாமசியில் வாங்கிய ஐசோபிரொப்பைல் அல்ககோலும் பஞ்சும் வைத்து இரண்டு மணித்தியாலம் துடைத்தேன்.

பிழை அடுத்ததாக நடந்தது. இணையத்தில் என் கார்டின் பெயரைப் போட்டுத் தேடி, 2 மில்லிமீற்றர் என்று ஒருவர் எழுதியிருந்ததை நம்பி 12.8 வொட் பேட் வரவழைத்துப் போட்டேன். மெமரி 108 இலிருந்து 84 க்கு இறங்கியது. சந்தோசம் ஒரு அரை மணித்தியாலம்தான், ஹாட்ஸ்பாட் 105 இல் நின்றது. நடு வெப்பம் 82.

காத்தான்குடியில் போன் திருத்தும் தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம், கை சுத்தமான வேலைக்காரர். கார்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். ஹீட்சிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சிப்பின் ஒரு பக்கம் பேஸ்ட் நன்றாக அமுங்கி மெல்லிய படலமாக இருக்கிறது, மற்றப் பக்க மூலையில் நான் வைத்த பொட்டு வைத்தபடியே மேடாக இருக்கிறது. “இஞ்ச பாருங்க அண்ணன், பேட் தடிப்புக் கூட. மெமரிக்கு நல்லா அமத்துது, நடுவுல தொடல்ல” என்றார். பழைய பேட் துண்டுகள் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார், நல்ல காலம் ஒரு பொலித்தீன் பையில் போட்டு வைத்திருந்தேன். மெமரி அமத்திய இடத்தை அளக்கக்கூடாது, அது நசுங்கி மெலிந்திருக்கும். அமுங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தை வேர்னியரில் பிடித்தார். 1.5. விஆர்எம் (சிப்புக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் பகுதி) பக்கத்துத் துண்டு 1.

ஒரே பெயரில் வரும் கார்டுகளில்கூட ரிவிஷன் மாறினால் தடிப்பு மாறலாம். அதனால் என் கார்டுக்கு 1.5 என்பதை வைத்து நீங்கள் வாங்கிவிடாதீர்கள், உங்கள் கார்டைக் கழற்றி அளந்த பிறகு வாங்குங்கள். கழற்றிப்போட்டுக் காத்திருக்க வழியில்லை என்றால் தேர்மல் புட்டி என்று களி மாதிரி ஒன்று வருகிறது, அதற்குத் தடிப்புக் கணக்கே இல்லை, எந்த இடைவெளிக்கும் அமுங்கிப் பொருந்திவிடும். அப்போது எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

கொஞ்சம் மென்மையான 1.5 பேட் கூரியரில் வந்து சேர்ந்ததும் திரும்பப் போட்டேன், சிப்புக்கு எம்எக்ஸ்-4 பேஸ்ட். ஆணிகளை ஒரே மூச்சில் இறுக்காமல், குறுக்குக்குக் குறுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக. இந்த முறை 34 டிகிரி அறையில், ஒரு மணித்தியால ரெண்டருக்குப் பிறகு மெமரி 92, நடு 74, ஹாட்ஸ்பாட் 87. முன்பு கிடைத்த 84 இப்போது இல்லைதான், ஆனால் எல்லாமே சரியாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது, ஃபேன் 75 வீதத்துக்கு மேல் போகவில்லை. பதினாறு டிகிரிக் குறைவுக்கு கூரியரோடு சேர்த்துப் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே செலவு (பிழையாக வாங்கியதைச் சேர்க்காமல்).

அப்புறம் பின்பக்கம். 3090 கார்டில் பாதி மெமரி சிப் போர்டின் பின்புறத்தில் இருக்கிறது, அதற்குப் பின்தட்டைக் குளிர்விப்பது கட்டாயம். 3080 இல் எல்லாம் முன்பக்கம்தான், ஆனாலும் சூடு போர்ட் வழியே பின்னாலும் வருகிறது. மெமரி இருக்கும் இடங்களுக்கு நேர் பின்னே, போர்டுக்கும் பின்தட்டுக்கும் நடுவில் பேட் வைத்தேன், பின்தட்டின் மேல் 40 மில்லிமீற்றர் சதுர அலுமினிய ஹீட்சிங்க் ஆறு ஒட்டினேன். பின்தட்டு உலோகமாக இருந்தால்தான் இது உதவும், பிளாஸ்டிக் என்றால் காசு வீண். கேஸில் கார்ட் படுத்தபடி இருப்பதால் ஹீட்சிங்க் மேற்பக்கம் உட்கார்ந்திருக்கும், விழாது. கார்டை நிமிர்த்தி வைத்திருப்பவர்கள் ஒட்டும் டேப்பை மட்டும் நம்ப வேண்டாம், சூட்டில் இளகி ஒன்று கழன்று மதர்போர்டில் விழுந்தால் அலுமினியம் ஷோர்ட் ஆக்கிவிடும்.

பேட்டும் ஹீட்சிங்கும் சேர்ந்து தந்தது வெறும் 2 டிகிரி. ஏமாற்றமாகத்தான் இருந்தது. காரணம் அந்த இடத்தில் காற்று அசையவே இல்லை, சிபியூ கூலருக்குக் கீழே ஒரு மூலை அது. மெல்லிய 80 மில்லிமீற்றர் ஃபேன் ஒன்றை ஹீட்சிங்கின் மேல் காற்றுப் படும்படி கட்டியதும் மெமரி 86 க்கு வந்தது. ஆக ஆறு டிகிரியில் நாலு அந்தச் சின்ன ஃபேனுடையது. ஹீட்சிங்க் வாங்குவதற்கு முன் அந்த இடத்தில் காற்று ஓடுகிறதா என்று ஒரு ஊதுபத்திப் புகையை வைத்துப் பாருங்கள்.

காசில்லாமல் கிடைத்த பெரிய நன்மை அண்டர்வோல்ட், அதாவது சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைக் குறைப்பது. 2023 பெப்ரவரியில் மின்கட்டணத்தைச் சராசரியாக 66 வீதம் கூட்டினார்களே, அந்த மாத பில்லைப் பார்த்துவிட்டுத்தான் இதில் இறங்கினேன். எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் மென்பொருளில் 0.850 வோல்ட்டுக்கு 1800 மெகாஹேர்ட்ஸ் என்று நிறுத்தினேன். 320 வொட் இழுத்த கார்ட் 250 பக்கம் வந்தது, ரெண்டர் நேரம் நூற்றுக்கு நாலைந்து கூடியது, அவ்வளவுதான். மெமரி 80, ஹாட்ஸ்பாட் 79. அறைக்குள் கொட்டும் சூடும் 70 வொட் குறைகிறது, அது என் முதுகுக்கே தெரிகிறது. வாரண்டி உள்ள புதுக் கார்ட் வைத்திருப்பவர்கள் ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம், பாதிப் பேருக்கு இதுவே போதும்.

இனி இரண்டரை வருடத்தில் நம் ஊர் இந்தக் கார்டுக்கு என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று தொடங்கினால் மேற்கே இருந்து வரும் அனலும் புழுதியும் ஒன்றாக உள்ளே வரும். அறை 36, 37 ஆகும், அதே அளவு மெமரியும் ஏறும். ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் அவியல். கேஸின் முன்னால் நைலோன் வலை போட்டு, மூன்று கிழமைக்கு ஒருக்கால் புளோவரால் ஊதுகிறேன். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விட்டு ஊதினால் பேரிங் போய்விடும். மாரியில் வேறு தொல்லை, சூடு குறையும், ஆனால் கடலிலிருந்து உப்பும் ஈரமும் ஏறும். இரண்டாவது மாரி முடிந்து பார்த்தபோது ஒட்டிய ஹீட்சிங்கின் பற்களில் வெள்ளையாக மாவு பூத்திருந்தது, பின்தட்டு ஆணித் தலைகளில் துருப் பிடித்திருந்தது. கார்டோடு வந்த ஹீட்சிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் ஒட்டிய மலிவான வெறும் அலுமினியத்துக்குத்தான் அந்தக் கதி. மேலே பாதுகாப்பு ஒக்சைட் படலம் ஏற்றிய அனோடைஸ் வகையை இப்போது மாற்றிப் போட்டிருக்கிறேன். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் முதலிலேயே அதை வாங்குங்கள். அதோடு, மாரி நாட்களில் வேலை இல்லாவிட்டாலும் நாளுக்கு ஒருக்கால் கொம்பியூட்டரைப் போட்டு அரை மணித்தியாலம் ஓட விடுகிறேன், ஈரம் உலரட்டும் என்று.

2024 ஆகஸ்டில் ஹாட்ஸ்பாட் மெல்ல ஏறத் தொடங்கியது. நடு வெப்பத்தோடு 13 ஆக இருந்த வித்தியாசம் 24. மெமரி அப்படியே இருந்தது, எனவே பேட் நன்றாகத்தான் இருக்கிறது, போனது பேஸ்ட். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்பின் நடுவிலிருந்து பேஸ்ட் ஓரத்துக்குப் பிதுங்கி வந்துவிடுகிறது. கழற்றிப் பார்த்தபோது நடுவில் கண்ணாடி மாதிரி வெறும் சிப் தெரிந்தது. பேஸ்ட்டுக்குப் பதிலாக ஹனிவெல் பிடிஎம்7950 தாள் போட்டேன். அறை வெப்பத்தில் தாளாக இருந்து 45 டிகிரிப் பக்கம் இளகி சிப்பில் படியும் சாமான் இது, பேஸ்ட் மாதிரி எளிதில் பிதுங்காது. நம் வெக்கையில் அதன் மேல்தாள் சீராக உரியாது, பாதி கையோடு வந்துவிடும். பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து உரித்தால் ஒரே இழுவையில் வரும். போட்ட அன்றே எண்ணைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், நாலைந்து முறை சூடாகி ஆறிய பிறகுதான் நன்றாகப் படிகிறது. ஒரு வருடமாகிறது, வித்தியாசம் இன்றைக்கும் 12. போலிகள் நிறைய வருவதால் விலை மிகக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அதே கழற்றலில் மெமரி பேட்களையும் பார்த்தேன். மென்மை குறையவில்லை, சிப்பின் மேல் இருந்த எழுத்துகள் பேட்டில் கண்ணாடிப் பிரதி மாதிரி அச்சாகப் பதிந்திருந்தன. பத்திலும் ஒரே ஆழம். அதைப் பார்த்ததும் மாற்றாமல் அப்படியே மூடிவிட்டேன்.

இந்தக் கச்சானில், போன கிழமை, 36 டிகிரி அறையில் ஒரு கலியாண வீட்டு வேலைக்காக ஐந்து மணித்தியாலம் தொடர்ந்து ஓடியது: நடு 68, ஹாட்ஸ்பாட் 80, மெமரி 82, ஃபேன் 60 வீதம். பக்கத்து மேசையில் இருந்து போன் பேச முடிகிறது. மிச்சமிருந்த அந்த 2 மில்லிமீற்றர் பேட் பாக்கெட்டைக் காத்தான்குடித் தம்பியிடமே கொடுத்துவிட்டேன். அவரிடம் வந்த வேறொரு கார்டில் பழைய பேட்டின் ஓரம் அளந்தபோது சரியாக 2 இருந்ததாம், போட்டுக் கொடுத்திருக்கிறார்.