நியானா, கப்பியா, வரி மீனா?

தர்மபுரியில் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், அவ்வளவு கடினநீர். அதே தண்ணீரை ஊற்றிய கண்ணாடித் தொட்டியில் எட்டு நியான் டெட்ரா மீன்களை விட்டேன். பத்து நாளில் ஐந்து மிதந்தன. கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை, பிசகு என்னுடையது.

நியான் மேல் அமேசானின் மீன். காய்ந்த இலைகள் ஊறிய, உப்பே இல்லாத மென்னீர் அதன் தாய்வீடு. கடைக்கு வருபவை பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்தவை என்பதால் கொஞ்சம் கடினநீரைத் தாங்கும். ஆனால் பழக்காமல் கொட்டினால் தாங்காது. ஆறுக்குக் குறைவாக வாங்கினால் மிரண்டு மூலையில் ஒதுங்கும். விளக்கை அணைத்தால் அதன் நீலக்கோடு மங்கிவிடும். முதல் நாள் விடியலில் அதைப் பார்த்து நோய் என்றே நினைத்துவிட்டேன்.

கப்பி மீனுக்கு இந்தத் தகராறே இல்லை. நம் ஊர்க் கடினநீர்தான் அதற்கு விருந்து. ஏறக்குறைய மாதம் ஒருமுறை நீந்தும் குஞ்சுகளையே ஈனும். தாயே அவற்றைத் தின்னவும் செய்யும், பாசி அடர்த்தியாக இருந்தால் பாதி பிழைக்கும். பெருகிவிட்டதே என்று ஏரியில் மட்டும் கொட்டாதீர்கள். தென் அமெரிக்க மீன் அது, நம் நாட்டுக் குறுமீன்களின் இரையைப் பறித்துக்கொள்ளும்.

ஓசூர்க்காரர்களுக்கு வேறு கணக்கு. மார்கழி இரவுகளில் ஹீட்டர் இல்லாத தொட்டியில் கப்பி துடுப்பை மடக்கிச் சோர்ந்துவிடும். அங்கே நான் சொல்வது வரிக்குதிரை மீன், அதாவது ஜீப்ரா டேனியோ. கங்கை, பிரம்மபுத்திரா படுகைகளின் மீன். 18 டிகிரியிலும் சுறுசுறுப்பாக ஓடும். 2013-இல் இதன் மரபணுத் தொகுதி வெளியானபோது, மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இதனிடம் இணை உண்டு என்று தெரிந்தது. அழகில் நியானுக்கு உறைபோடக் காணாது என்பது உண்மைதான். துள்ளும் பழக்கம் வேறு; தொட்டிக்கு மூடி வேண்டும்.

ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வரும் வீடுகளில் நியானுக்குச் சற்று வாய்ப்புண்டு. குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

இப்போது என் தொட்டியில் பெரும்பாலும் கப்பிகள்தான். ஆனாலும் ஐப்பசி மழைக்கு மாடியில் ஒரு டிரம் தயாராக நிற்கிறது. மூன்று பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு கிணற்று நீர் கலந்து, மிஞ்சிய மூன்று நியான்களுக்குத் துணை தேடப் போகிறேன்.