துங்சென்: சில வருடங்கள் ஊதிய பிறகு

திபெத்திய மடாலயங்களில் ஜோடியாக வைத்து ஊதுவார்களே, அந்த நீண்ட செம்பு எக்காளம்தான் துங்சென். என்னிடம் இருக்கும் ஜோடி காத்மாண்டுவில், பௌத்தநாத் ஸ்தூபியைச் சுற்றியுள்ள கடைகளில் ஒன்றில் வாங்கியது. நீட்டினால் சுமார் மூன்று மீட்டர். செய்தவர்கள் காத்மாண்டுவை ஒட்டிய லலித்பூரின் நேவார் இனக் கைவினைஞர்கள். அங்கே செம்பு வேலை தாம்ரகார் குடும்பங்களின் பரம்பரைத் தொழில்.

கடையில் முதலில் கண்ணில் படுவது டிராகன் வேலைப்பாடும் பதித்த கற்களும்தான். விலை ஏறுவதும் அதற்குத்தான். என்னைக் கேட்டால், காசு கொடுக்க வேண்டியது மூட்டுகளுக்கு. செம்புத் தகட்டைச் சுருட்டி, விளிம்புகளைப் பற்றவைத்து, தட்டித் தட்டிக் கூம்பாக்கிய மூன்று துண்டுகள். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் ஒரு மீட்டர் சொச்சத்தில் அடங்கிவிடும். இழுத்ததும் அவை கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். கவ்வாவிட்டால் காற்று கசிந்து அடிநாதம் பிசிறடிக்கும். என் ஜோடியில் ஒன்றுக்கு நடுமூட்டு தளர்ந்துவிட்டது. கர்நாடகத்தில் திபெத்தியர்கள் குடியிருக்கும் பைலகுப்பேயில் எனக்குச் சொல்லிக்கொடுக்கும் துறவி மெல்லிய பருத்தித் துணியை ஒரு சுற்று சுற்றி இறுக்கிச் செருகினார். இன்றுவரை அப்படித்தான் ஓடுகிறது.

ஊதுவாய் அகலமானது, விளிம்பு தட்டையானது. உதட்டைத் தளர்வாக வைத்தால்தான் அந்த உறுமல் வரும். இறுக்கினால் சுருதி மேலே தாவிவிடும். ஸ்வர வரிசையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் நாதத்தைப் பிடித்துக்கொள்வார், அதனால்தான் ஜோடி. இரண்டின் நீளமும் கொஞ்சம் மாறினாலும் ஒலி அலையலையாக அதிரும். மூட்டை ஒரு விரல்கடை உள்ளே தள்ளினால் சரியாகிவிடும். அப்பார்ட்மெண்டில் இருப்பவர்கள் வாங்கும் முன் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பராமரிப்பில் பெரிய தொல்லை ஈரம். ஊதி முடித்ததும் துண்டுகளைக் கழற்றி, தண்ணீரை வடித்து, காய்ந்த பிறகுதான் மடக்க வேண்டும். ஈரத்தோடு மடக்கினால் உள்ளே களிம்பு பிடித்து, மூட்டு இறுகிக் கழற்ற வராது. வெறும் செம்பைப் புளி போட்டுத் துலக்கலாம். முலாம் பூசிய இடத்தில் புளியைக் கொண்டுபோகவே கூடாது, ஈரத்துணியே போதும்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே முழுசாக நீட்டி, மறுமுனையில் இருக்கும் அகன்ற வாயை அடைத்துக்கொண்டு ஊதுங்கள். எந்த மூட்டில் காற்று வருகிறது என்று ஈர விரலால் தடவினாலே தெரிந்துவிடும். கடைக்காரர் நீட்ட விடவில்லை என்றால், அது சுவரில் மாட்டத்தான் லாயக்கு.