கார்ன்ஃப்ளேக்ஸா, ஓட்ஸா, அவலா? குளூட்டன் ஆகாத பிள்ளைக்குக் காலையில் எதைக் கொடுப்பது?

என் அண்ணன் மகளுக்குச் சீலியாக் நோய், அதாவது குளூட்டன் என்ற தானியப் புரதம் குடலைப் புண்ணாக்கும் நோய், என்று உறுதியான வாரத்திலேயே கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிட்டோம். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் அவள் பாலில் போட்டுச் சாப்பிடும் கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி மட்டும் அலமாரியில் அப்படியே இருந்தது. "அத்தை, இது மக்காச்சோளம்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவள், பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சர்க்கரைக்கும் உப்புக்கும் அடுத்து, பொடி எழுத்தில் பார்லி மால்ட் சாறு, அதாவது முளைகட்டிய பார்லியின் சாறு.

குளூட்டன் கோதுமையில் மட்டும் இல்லை, பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் இருக்கிறது. மக்காச்சோளத்துக்கும் அரிசிக்கும் அந்தப் பழி கிடையாது. ஆனால் கார்ன்ஃப்ளேக்ஸுக்கு அந்தப் பழுப்பு நிறத்தையும் இலேசான இனிப்பையும் தருவது பெரும்பாலும் மால்ட்தான். பொரித்த அரிசி வகைப் பெட்டிகளிலும் இதே கதை. "கொஞ்சம்தானே" என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்குப் பதறுகிறது. ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று எழுதக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 30 கிராம் கிண்ணத்துக்குக் கணக்குப் போட்டால் அது 0.6 மில்லிகிராம், கண்ணுக்கே தெரியாத அளவு. மால்ட் இல்லாமலும் செய்ய முடியும். அமெரிக்காவில் ரைஸ் செக்ஸ் (Rice Chex) என்ற அரிசிச் சீரியல் பெட்டியில் 2008இல் பார்லி மால்ட்டை எடுத்துவிட்டு வெல்லப்பாகு போன்ற மொலாசஸைச் சேர்த்தார்கள். ஆகவே கார்ன்ஃப்ளேக்ஸை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. மால்ட் இல்லாததாகவும், குளூட்டன் இல்லை என்று வெளிப்படையாக அச்சிட்டதாகவும் இருந்தால் வாங்கலாம். வெறும் 'மக்காச்சோளம்' என்ற பெயரை நம்பி வாங்கக் கூடாது.

ஓட்ஸில் சிக்கல் வேறு. அதில் இயல்பாகக் கோதுமைக் குளூட்டன் இல்லை, அவெனின் என்ற வேறொரு புரதம்தான் இருக்கிறது. சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோர் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள், சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் வயலிலும் லாரியிலும் ஆலையிலும் ஓட்ஸ் கோதுமையோடும் பார்லியோடும் கலந்துவிடுகிறது. 2015 அக்டோபரில் அமெரிக்காவில், குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட சீரியோஸ் என்ற ஓட்ஸ் சீரியலின் சுமார் 18 லட்சம் பெட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். கலிஃபோர்னியாவில் ஓர் ஆலையில் கோதுமை மாவு தவறுதலாகக் கலந்துவிட்டதே காரணம். அத்தனை கவனமான இடத்திலேயே இப்படி என்றால், சாதாரண ஓட்ஸ் பாக்கெட்டை எந்தத் துணிச்சலில் கொடுப்பது? குளூட்டன் இல்லை என்று சோதித்துச் சான்றளித்த ஓட்ஸ் மட்டும், அதுவும் குடல் ஓரளவு தேறிய பிறகு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. மசாலா ஓட்ஸ் பக்கமே நாங்கள் போவதில்லை.

தானிய அவல்களும் உலர்பழங்களும் கலந்த மியூஸ்லியில் கோதுமை அவலும் பார்லி அவலும் சேர்ப்பது வழக்கம். அதை விட்டுவிடுங்கள்.

கேழ்வரகு, கம்பு, சோளம் இவற்றின் அவல்கள் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். குடல் புண்பட்டுச் சத்துகளை ஈர்க்காமல் இருந்த பிள்ளைக்கு இது சின்ன விஷயம் அல்ல. பாலில் போட்டதும் சீக்கிரம் ஊறிக் குழைந்துவிடும், மொறுமொறுப்புக்கு ஆசைப்படுகிற குழந்தை முகம் சுளிக்கும். 'பலதானியம்' என்று எழுதியிருந்தால் கோதுமை இருக்கிறதா என்று பாருங்கள். சத்துமாவிலும் அப்படியே, கோதுமையும் பார்லியும் சேர்க்கிறவர்கள் நிறைய. வீட்டில் வறுத்துத் தயாரித்தாலும் அரைக்கிற இடம் முக்கியம். மாவு மில்லில் நமக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் மூக்கே சொல்லிவிடும், கோதுமை அரைத்திருந்தால் எதுவுமே சொல்லாது. நாங்கள் மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்கிறோம்.

எங்கள் வீட்டில் கடைசியில் நிலைத்தது அவல்தான். சிவப்பு அரிசி அவலை அலசிப் பிழிந்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, வெல்லத்தூளும் தேங்காய்த் துருவலும் வாழைப்பழமும் சேர்த்துப் பாலை ஊற்றினால் முடிந்தது. அவலில் புரதம் குறைவு, அதனால் வறுத்த வேர்க்கடலையைத் தூவுகிறேன், மொறுமொறுப்பும் கிடைத்துவிடுகிறது. சில்லறையில் அளந்து வாங்குவதை நிறுத்திவிட்டேன். ரவை மூட்டையில் புழங்கும் அதே அளவைதான் அவல் மூட்டையிலும் இறங்குகிறது.

நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. ஞாயிறு காலையில் அவல் உப்புமா தாளித்தேன், கூட்டுப் பெருங்காயம் ஒரு சிட்டிகை. மாலைக்குள் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். டப்பாவை எடுத்துப் பார்த்தால், சேர்மானத்தில் கோதுமை மாவு. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் அன்றே அதை மாற்றினேன். இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் தேடி வாங்குகிறோம். காலை உணவு எதுவானாலும் தாளிப்பையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சந்தேகத்தின் பேரில் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியபின் எடுக்கும் இரத்தப் பரிசோதனை நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம்.

போன மாதம் அவள் தோழி வீட்டில் இரவு தங்கப் போனாள். டப்பாவில் அவலும் வெல்லத்தூளும் வேர்க்கடலையும் கலந்து கொடுத்தனுப்பினேன். காலையில் அவர்களிடம் சூடான பாலும் நன்றாகக் கழுவிய ஒரு கிண்ணமும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.