பதினேழு அடி கேரவனும் குவீன்ஸ்லாந்தின் உள்நாட்டு ஊர்களும்: ஆறாண்டு அனுபவம்

நான்காண்டுகள் ஓடிய, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் பதினேழு அடிக் கேரவன் ஒன்றை 2018 இறுதியில் வாங்கினோம். அன்று முதல் பிரிஸ்பேனிலிருந்து ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்து உட்பகுதிக்கு அதை ஐந்து முறை இழுத்துச் சென்றிருக்கிறோம். வாங்குவதற்கு முன் விற்பனையாளர்கள் எங்களிடம் பேசியதெல்லாம் படுக்கையின் அகலத்தையும் குளிர்பெட்டியின் கொள்ளளவையும் பற்றித்தான். தண்ணீரையும் புழுதியையும் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆறாண்டுகளில் எங்களைச் சோதித்தவை அவை இரண்டுமே.

பிரிஸ்பேனிலிருந்து லாங்ரீச் ஏறத்தாழ 1,180 கிலோமீட்டர். காரில் மட்டும் போனால் இரண்டு நாளில் சேர்ந்துவிடலாம். நாங்கள் நான்கு நாள் எடுத்துக்கொள்கிறோம். 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் டீசல் செலவு கையைக் கடிக்கிறது: எங்கள் வண்டி தனியே நூறு கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடிக்கும், கேரவனோடு 15, எதிர்க்காற்று அடித்தால் 18. பல இழுவைப் பெட்டிகளைக் கோத்து 53 மீட்டர் வரை நீளும் ரோடு டிரெயின் லாரி நம்மைக் கடக்கும்போது அதன் காற்று கேரவனை முதலில் வெளியே தள்ளி, பிறகு தன் பக்கம் இழுக்கும். வண்டியின் இருவழி ரேடியோவை லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும் 40-ஆம் சேனலில் வைத்து, "நீங்கள் முந்தலாம், நான் வேகத்தைக் குறைக்கிறேன்" என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் தீர்ந்துவிடும். கங்காருகள் சாலைக்கு வரும் நேரம் என்பதால், பொழுது சாய்வதற்குள் வண்டியை நிறுத்திவிடுவது எங்கள் மாறாத வழக்கம்.

தண்ணீரின் பாடம் பிளாக்கால் என்ற ஊரில் கிடைத்தது. முதல் மாலை குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பான நீர், அழுகிய முட்டை வாடையோடு. கண்டத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பரவிக் கிடக்கும் பெரும் ஆர்ட்டீசியன் படுகை என்ற நிலத்தடி நீர்ப்படுகையின் நீர் அது. ஆழத்திலிருந்து சூடாகவே மேலே வருகிறது. திறந்த பாத்திரத்தில் இரவு முழுவதும் வைத்தால் வாடை போய்விடும். ஆனால் அந்த நீரில் போட்ட தேநீர் கறுத்துப்போகிறது, சோப்பு நுரை உடம்பை விட்டுப் போக மறுக்கிறது. அன்றிலிருந்து குடிநீருக்கென்று இருபது லிட்டர் கேன் இரண்டு தனியே கொண்டுபோகிறோம். கேரவனின் தொட்டி நீர் பாத்திரம் கழுவவும் குளிக்கவும் மட்டுமே. அந்த வெந்நீரை வைத்தே இவ்வூரில் 1908 முதல் 1978 வரை கம்பளி அலசும் ஆலை ஒன்று நீராவி இயந்திரத்தில் ஓடியது. இன்று அது காட்சிக்கூடம். 1892-இல் ஜாக்கி ஹோவ் என்பவர் கைக்கத்தரியால் 7 மணி 40 நிமிடத்தில் 321 ஆடுகளின் ரோமத்தைக் கத்தரித்ததும் இவ்வூருக்கு அருகிலுள்ள பண்ணையில்தான். அந்த ஆலையைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணின் கனம் எனக்குப் புரிந்தது.

நூறு கிலோமீட்டர் வடக்கே பார்கால்டைன். 1891-ஆம் ஆண்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தின்போது கூடிய, 'அறிவு மரம்' எனப் பெயர் பெற்ற மரம் ரயில் நிலையத்துக்கு எதிரே நின்றது. 2006-இல் யாரோ நஞ்சூற்றிக் கொன்றுவிட்டார்கள். பட்ட மரத்தின் மேல், முன்பிருந்த கிளைக்கவிகையின் வடிவில் ஆயிரக்கணக்கான மரக்கட்டைகளைத் தொங்கவிட்டு 2009-இல் நினைவுச் சின்னம் திறந்தார்கள். இருட்டிய பிறகு விளக்கொளியில் பார்ப்பதே நல்லது. பகலில் மட்டும் பார்த்தவர்கள் பாதியைத்தான் பார்த்தவர்கள்.

லாங்ரீச்சிலுள்ள குவான்டாஸ் விமான நிறுவனத்தின் அருங்காட்சியகம் பலரும் அறிந்தது. 747 விமானத்துக்குள் ஏறிப் பார்க்க முன்பதிவு செய்துகொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அந்த நிறுவனம் 1920-இல் பதிவான ஊராகிய வின்டனில்தான் எங்கள் பெரிய தவறு நடந்தது. டைனோசர் காலடித் தடங்கள் உள்ள லார்க் குவாரி அங்கிருந்து 110 கிலோமீட்டர், வழியில் மண்சாலை உண்டு. கேரவன் பூங்காவில் ஓரிரவு வாடகையை மிச்சப்படுத்தும் நப்பாசையில் கேரவனையும் இழுத்துக்கொண்டே போனோம். அலைபோல் மேடுபள்ளமான சாலை அதிர்வில் சமையல் தொட்டிக்குக் கீழே தண்ணீர்க் குழாயின் இணைப்பு விட்டுப்போய், சேமிப்புத் தொட்டியின் நீர் முழுவதும் இழுப்பறைகளில் இறங்கியது. இடுக்குகள் வழியே வந்த சிவப்புப் புழுதி அதில் குழைந்து சேறானது. அரிசியும் பருப்பும் அந்தச் சேற்றில் கிடந்த கோலத்தை இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. சாலையின் மேல் அல்ல, அந்த இணைப்பைப் பயணத்துக்கு முன் சரிபார்த்துவிட்டதாகச் சொல்லிக் காசு வாங்கிய பழுதுபார்ப்பவர் மேல். அங்கே பாறையில் பதிந்திருக்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டைனோசர் காலடிகளை, 95 மில்லியன் ஆண்டுப் பழைமையானவற்றை, அந்தக் கோபத்தோடே பார்த்தேன். மிரண்டு ஓடிய கூட்டத்தின் தடங்கள் என்பது பழைய விளக்கம். ஆற்றைக் கடந்த விலங்குகள் என்று பின்வந்த ஆய்வாளர் சிலர் வாதிடுகிறார்கள். கோழிக்கால் அளவுத் தடங்களும் அவற்றில் உண்டு. அடுத்த இரண்டு முறையும் கேரவனை வின்டனிலேயே விட்டுவிட்டுக் காரில் மட்டும் போனோம்.

ஆறாண்டில் கேரவனின் சட்டகம், அச்சு, கூரை மூன்றும் சோடை போகவில்லை. மாற்றியவை: டயர்கள் ஒரு முறை, கதவு ரப்பர்ப் பட்டை இரண்டு முறை, பேட்டரி ஒரு முறை. கூரையிலுள்ள 200 வாட் சோலார் பலகை இருவருக்குப் போதும், ஆனால் மேகம் மூடிய மூன்றாம் நாளில் குளிர்பெட்டி முரண்டு பிடிக்கும். தினம் ஓர் ஊர் என்று ஓட நினைப்பவர்களுக்குக் கேரவன் வீண்செலவு. அவர்கள் விடுதிகளில் தங்கிப் போவதே மலிவு. ஓரூரில் மூன்று இரவாவது தங்குபவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். வரும் மே மாதப் பயணத்துக்கு முன் சமையல் தொட்டியடி இணைப்புகள் எல்லாவற்றையும் இம்முறை நானே படுத்துக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். ஒன்று மட்டும் தளர்ந்திருந்தது.